"நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லை": இது கணக்கே இல்லை மக்களே!



எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, மாமா பொண்ணோட கல்யாணம் ஃபிக்ஸ் ஆயிருக்கு. ஃப்ரெண்ட் ஒருத்தன் ஜெனடிக் டெஸ்ட் எடுத்துக்கோன்னு சொல்றான். வீட்ல கேட்டா, நம்ம வம்சத்துல யாருக்கும் எதுவும் இல்லை, லேப்காரன் காசு புடுங்கத்தான் இதெல்லாம்னு சொல்றாங்க. இது தேவையான செலவா, வேஸ்ட்டா?"

ரெண்டு வரியில பதில் போட மனசு வரலை. ஏன்னா, நானும் மாமா பொண்ணைத்தான் கட்டியிருக்கேன். சில வருஷம் முன்னாடி இதே கேள்வி எங்க வீட்டு ஹால்லயும் வந்தது. இதே பதிலைத்தான் எங்க வீட்லயும் சொன்னாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சம்பளம் வாங்குற ஒருத்தரால இன்சூர் பண்ணவும் முடியாத, சேர்த்து வைக்கவும் முடியாத ரிஸ்க் சிலது உண்டு. அரிய மரபணு நோய் அதுல ஒண்ணு. ஆனா இந்த ரிஸ்க்கை அளக்க முடியும், பெரும்பாலும் குறைக்கவும் முடியும். அதுக்கு ஆகுற செலவு ஒரு சுமாரான போன் விலை. அளக்காம விடறதுதான் உண்மையான வேஸ்ட்.

நான் டாக்டர் இல்லை. இங்கே சொல்றது ரிஸ்க் கணக்கு மட்டும்தான். முடிவை உங்க டாக்டர், ஜெனடிக் கவுன்சிலரோட உட்கார்ந்து எடுங்க.

இந்த ரிஸ்க்குக்கு ஏன் பாலிசி போதாது?

எஸ்எம்ஏ-னு ஒரு நோயை நியூஸ்ல பார்த்திருப்பீங்க. முழுப் பெயர் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி. தண்டுவடத்துல தசைகளை இயக்குற நரம்பு செல்கள் ஒவ்வொண்ணா செயலிழந்துடும். தீவிரமான வகைல, சிகிச்சை இல்லைன்னா பெரும்பாலான குழந்தைங்க ரெண்டு வயசைத் தாண்டறதில்லை. இந்த நோய்க்கான ஜீன் சிகிச்சை ஸோல்ஜென்ஸ்மாவுக்கு 2019-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சப்போ அறிவிச்ச விலை 21.25 லட்சம் டாலர். நம்ம ஊர்ல கிரவுட் ஃபண்டிங் போஸ்டர்ல "16 கோடி ஊசி"னு வந்தது இதுதான்.

உங்க கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் எவ்வளவு? அஞ்சு லட்சம். சூப்பர் டாப்-அப் போட்டிருந்தா இருபத்தஞ்சு, ஐம்பது லட்சம். மத்திய அரசோட அரிய நோய்களுக்கான கொள்கை 2021-ல வந்தது. 2022-ல உதவித் தொகையோட உச்சவரம்பை 50 லட்சமா உயர்த்தினாங்க. பெரிய உதவிதான். ஆனா 16 கோடிக்கு முன்னாடி வெச்சுப் பாருங்க.

"மரபணு நோய்னு சொல்லி கிளெய்மை மறுக்கக் கூடாது"னு ஐஆர்டிஏஐ 2018-லயே கம்பெனிகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால கிளெய்ம் கிடைக்கும்னே வெச்சுக்குவோம். அப்பவும் சம் இன்ஷூர்டுக்கு மேல ஒரு ரூபாய் வராது. பாலிசி எடுக்க வேண்டாம்னு சொல்லலை, கண்டிப்பா எடுங்க. ஆனா இந்த ஒரு ரிஸ்க்குக்கு அது குடை மாதிரி. வர்றது வெள்ளம்னா குடையை வெச்சு என்ன பண்றது?

எங்க வீட்டுக் கதை

எங்க அம்மா கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர்: அண்ணன் ஒருத்தர், தங்கச்சி ஒருத்தங்க. அண்ணன்தான் என் மாமா, இப்போ மாமனார். தங்கச்சி என் சித்தி.

2003-ல சித்திக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு மாசம் ஆகியும் தலை நிக்கலை. காலைத் தூக்கவே இல்லை. பதினாலாவது மாசம் சளி பிடிச்சது, மூச்சுத் திணறல் வந்தது, போயிடுச்சு. ஊர்ல "குழந்தைக்கு நெஞ்சுச் சளி"னு சொன்னாங்க. சொந்தக்காரங்க சொன்னது வேற: "அவ ராசி அப்படி." சித்திக்கு அதுக்கப்புறம் குழந்தை இல்லை. விசேஷ வீட்ல குழந்தையைத் தூக்கறதுன்னா சித்தி ரெண்டடி பின்னாடியே நிப்பாங்க. எனக்கு அப்போ ஏன்னு புரியலை.

கவனிங்க, சித்தப்பா அசல். சொந்தமே கிடையாது. "சொந்தத்துல கட்டினாத்தான் பிரச்சனை"னு நினைக்கிறவங்களுக்கு இதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தைக்கு பிளான் பண்ணும்போது டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ரெண்டு பேர் ஃபேமிலியிலயும் சின்ன வயசுல இறந்த குழந்தைங்க யாராவது உண்டா?" நான் "இல்லை"ன்னேன். என் மனைவிதான், "சின்ன அத்தை குழந்தை..."ன்னு இழுத்தா. சித்தி பீரோவுல பழைய டிஸ்சார்ஜ் ஷீட் இருந்தது. அதுல எஸ்எம்ஏ-னு சந்தேகம், கூடவே ஒரு கேள்விக்குறி. டெஸ்ட் எடுத்ததா எதுவும் இல்லை.

ஒரே குடும்பம், ஒரே சம்பவம். நான் "இல்லை"ன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் முதல் தப்பு.

கணக்கு 1: "யாருக்கும் இல்லை"ன்னா என்ன அர்த்தம்?

உங்க வம்சத்துல உங்களுக்குத் தெரிஞ்சு 20 குழந்தைங்க, எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். இதுல இருந்து என்ன முடிவுக்கு வரலாம்?

புள்ளியியல்ல "மூன்றின் விதி"னு ஒரு சுலபமான விதி இருக்கு. ஒரு விஷயத்தை ஒரு தடவை கூடப் பார்க்கலைன்னா, 3-ஐ நீங்க பார்த்த எண்ணிக்கையால வகுங்க. உண்மையான வாய்ப்பு அந்த அளவு வரைக்கும் இருக்கலாம்னு 95% நம்பிக்கையோட சொல்ல முடியும். 3-ஐ 20-ஆல வகுத்தா 15%. அதாவது, 20 குழந்தைங்களைப் பார்த்து "ரிஸ்க் 15%-க்கு மேல இருக்காது"ன்னு மட்டும்தான் சொல்லலாம். 10,000-ல ஒண்ணுங்கிற அளவுக்கு மேல இல்லைன்னு சொல்லணும்னா 30,000 குழந்தைங்களைப் பார்த்திருக்கணும். எந்த வம்சத்துல 30,000 பேர் இருக்காங்க?

இன்னொண்ணு. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் கெட்டுப்போன ஜீன் இருந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர வாய்ப்பு நாலுல ஒண்ணுதான். ரெண்டு குழந்தை பெத்தா, ரெண்டுமே நல்லா இருக்க வாய்ப்பு முக்கால் பெருக்கல் முக்கால், அதாவது 56%. பாதிக்கு மேல குடும்பங்கள்ல நோய் வெளியே தெரியவே தெரியாது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல கடகடன்னு படிப்பாங்களே, கடந்தகால செயல்பாடு எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லைன்னு. வம்சத்துக்கும் அதே டிஸ்க்ளைமர்தான்.

கணக்கு 2: ராமானுஜனைக் கூப்பிட்டவர் போட்ட கணக்கு

எஸ்எம்ஏ சுமார் 10,000 பிறப்புல ஒண்ணு. இது பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகள்ல இருந்து வந்த எண். பிறந்த எல்லாக் குழந்தைக்கும் எஸ்எம்ஏ டெஸ்ட் எடுக்கிற வழக்கம் நம்ம நாட்டுல இல்லை. ஒரு அளவுக்கு இந்த எண்ணையே வெச்சுக்குவோம்.

இந்த நோய் வரணும்னா அப்பாகிட்ட இருந்து ஒரு கெட்ட காப்பி, அம்மாகிட்ட இருந்து ஒரு கெட்ட காப்பி, ரெண்டும் சேரணும். ஒரே ஒரு கெட்ட காப்பி இருக்கிறவருக்கு எதுவும் ஆகாது. நல்லா ஓடுவார், ஜிம் போவார், நூறு வயசு வாழ்வார். அவரைத்தான் கேரியர்னு சொல்றாங்க.

அப்போ எத்தனை பேர் கேரியர்? 1908-ல கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி, "சயின்ஸ்" இதழுக்கு எழுதின ஒரு சின்ன கடிதத்துல இதுக்கான வழியைச் சொல்லிட்டார். அதே வருஷம் ஜெர்மன் டாக்டர் வெய்ன்பெர்க்கும் தனியா இதையே கண்டுபிடிச்சார். ஆமா, 1914-ல நம்ம ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச அதே ஹார்டிதான். தன்னோட கணக்கால உலகத்துக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லைன்னு நினைச்ச மனுஷன் அவர். இன்னிக்கு ஒவ்வொரு ஜெனடிக் கிளினிக்கும் அவர் பேர் சொல்லித்தான் கணக்கு போடுது.

கணக்கு இதுதான். ரெண்டு கெட்ட காப்பி சேர வாய்ப்பு 10,000-ல ஒண்ணுன்னா, ஒரு காப்பி கெட்டிருக்க வாய்ப்பு அதோட வர்க்கமூலம்: 100-ல ஒண்ணு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு காப்பி இருக்கு. அதுல ஏதாவது ஒண்ணு மட்டும் கெட்டிருக்க வாய்ப்பு 2 × 1/100 × 99/100. சுமாரா 50-ல ஒண்ணு.

திருப்பிப் போட்டு செக் பண்ணலாம். கணவன் கேரியரா இருக்க 1/50, மனைவி கேரியரா இருக்க 1/50, ரெண்டு பேரும் கெட்ட காப்பியையே குழந்தைக்குக் கொடுக்க 1/4. பெருக்கினா 10,000-ல ஒண்ணு. டேலி ஆயிடுச்சு.

உங்க ஆபீஸ் ஃப்ளோர்ல 200 பேர் இருந்தா, அதுல நாலு பேர் எஸ்எம்ஏ கேரியரா இருக்கலாம். நோய் அரிது. கேரியர் அரிது இல்லை. இந்த ஒரு வரி புரிஞ்சாலே இன்னிக்குப் போஸ்ட் படிச்சதுக்குப் போதும்.

கணக்கு 3: நாட்டோட எண் வேற, உங்க எண் வேற

10,000-ல ஒண்ணுங்கிறது நாட்டோட சராசரி. இப்போ எங்க குடும்ப மரத்துக்கு வருவோம்.

சித்தி குழந்தைக்கு நிஜமாவே எஸ்எம்ஏ-ன்னா, சித்தி கேரியர். அந்தக் கெட்ட காப்பி எங்க தாத்தா அல்லது பாட்டிகிட்ட இருந்து வந்திருக்கணும். அதே காப்பி எங்க அம்மாவுக்கும் வந்திருக்க வாய்ப்பு பாதி. அம்மாகிட்ட இருந்து எனக்கு வர அதுல பாதி. அப்போ நான் கேரியரா இருக்க 1/4. மாமா வழியா என் மனைவிக்கும் இதே மாதிரி 1/4. ரெண்டு பேரும் கெட்ட காப்பியைக் கொடுக்க 1/4. மூணையும் பெருக்கினா 64-ல ஒண்ணு. வெளியில இருந்து வர சின்ன வாய்ப்பை எல்லாம் விட்டுட்டுத்தான் இது.

10,000-ல ஒண்ணு எங்கே, 64-ல ஒண்ணு எங்கே? 150 மடங்கு. அந்த நோட்டுப் பக்கத்தை மனைவிகிட்ட காட்ட எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

ரூபாய்க் கணக்குலயும் போட்டுப் பாருங்க. 16 கோடியை 10,000-ஆல வகுத்தா 16,000 ரூபாய். 64-ஆல வகுத்தா 25 லட்சம். குழந்தைக்கு விலை போடறேன்னு நினைக்காதீங்க. ரிஸ்க்கோட சைஸ் புரியறதுக்காக மட்டும் சொல்றேன்.

குடும்பத்துல இப்படி எதுவுமே நடக்கலைன்னா? மாமா பொண்ணு, அத்தை பொண்ணு கல்யாணத்துல கணவன் மனைவிக்கு ஒரே தாத்தா பாட்டி. ஒரே கெட்ட காப்பி ரெண்டு பக்கமும் இறங்கி வந்து குழந்தைகிட்ட சேர முடியும். அதுக்கான வாய்ப்பையும் சேர்த்தா, 10,000-ல ஒண்ணா இருந்தது சுமார் 1,400-ல ஒண்ணா ஆகுது. தாய்மாமனையே கட்டினா சுமார் 750-ல ஒண்ணு. நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவு மடங்கு ஏறும். 10 லட்சத்துல ஒருத்தருக்கு வர நோய், மாமா பொண்ணு கல்யாணத்துல சுமார் 16,000-ல ஒண்ணு. அறுபது மடங்குக்கு மேல!

தேசிய குடும்பநல ஆய்வோட 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டுல நாலுல ஒரு பங்குக்கு மேல கல்யாணங்கள் சொந்தத்துலதான் நடக்குது. அதனால இது யாரோ சில பேரோட கதை இல்லை.

அதே சமயம் பயமுறுத்தவும் கூடாது. பொதுவா 100 குழந்தைகள்ல சுமார் 3 பேருக்கு பிறவியிலேயே ஏதாவது பெரிய பிரச்சனை இருக்கும். மாமா, அத்தை பிள்ளைங்க கல்யாணத்துல அது 5, 6 ஆகுது. மீதி 94 குழந்தைங்க நல்லாத்தான் இருக்காங்க. "சொந்தத்துல கட்டினா குழந்தை ஊனமாத்தான் பிறக்கும்"னு பேசறதும் கணக்குத் தெரியாத பேச்சுதான்.

அசல்ல கட்டினவங்களும் ரிலாக்ஸ் ஆகிட வேண்டாம். தலைமுறை தலைமுறையா ஒரே சாதிக்குள்ள கட்டிக்கிட்டு வந்தா, அந்தக் கூட்டமே ஒரு பெரிய சொந்தம் மாதிரி ஆயிடும். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017-ல வெளியிட்ட ஆய்வுல, தெற்காசியாவுல 260-க்கு மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தாங்க. அதுல 81 சமூகங்கள்ல, சில முன்னோர்கள்கிட்ட இருந்தே எல்லாரும் வந்த அடையாளம் ஃபின்லாந்துக்காரங்களை விட, அஷ்கெனாசி யூதர்களை விட பலமா இருந்தது. "நாட்டு சராசரி"யை நம்பி உட்கார முடியாதுங்கிறதுக்கு இது இன்னொரு காரணம்.

கணக்கு 4: "நார்மல்"னு ரிப்போர்ட் வந்தா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. எஸ்எம்ஏ கேரியர் டெஸ்ட் எல்லாரையும் பிடிச்சுடாது. சிலர்கிட்ட ஒரு பக்கத்துல ரெண்டு நல்ல காப்பி, இன்னொரு பக்கத்துல ஒண்ணுமே இல்லாம இருக்கும். எண்ணிப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு மொத்தம் ரெண்டுன்னு சரியாத்தான் தெரியும். சுமாரா 100 கேரியர்ல 95 பேரைப் பிடிக்குதுன்னு வெச்சுக்குவோம்.

குடும்பத்துல எதுவும் இல்லாத 1,000 பேர். அதுல 20 பேர் கேரியர், 980 பேர் இல்லை. டெஸ்ட் 19 பேரைப் பிடிச்சுடும், ஒருத்தர் தப்பிச்சுடுவார். "நார்மல்" ரிப்போர்ட் கையில இருக்கிறது 981 பேர்கிட்ட. அதுல கேரியர் ஒருத்தர். ரிஸ்க் 981-ல ஒண்ணு. நிம்மதியா தூங்கலாம்.

இப்போ என்னை மாதிரி, 1/4 வாய்ப்போட வர 1,000 பேர். 250 பேர் கேரியர், 750 பேர் இல்லை. டெஸ்ட் 12 அல்லது 13 பேரை விட்டுடும். "நார்மல்" ரிப்போர்ட் சுமார் 762 பேர்கிட்ட. ரிஸ்க் 61-ல ஒண்ணு.

ஒரே லேப், ஒரே டெஸ்ட், ஒரே "நார்மல்". ஒருத்தருக்கு அது 981-ல ஒண்ணு, இன்னொருத்தருக்கு 61-ல ஒண்ணு. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தா இது தெரியாது. ரிப்போர்ட்டுக்கு முன்னாடி உங்க வாய்ப்பு என்னன்னு தெரிஞ்சாத்தான் தெரியும். 1763-ல வெளியான பேய்ஸ் கட்டுரையோட சாரமே இதுதான். கிரெடிட் ஸ்கோர் மட்டும் பார்த்து, சம்பளத்தையும் கடனையும் பார்க்காம லோன் கொடுப்பாங்களா? அது மாதிரிதான்.

நாங்க என்ன பண்ணினோம்?

ஜெனடிக் கவுன்சிலர் சொன்ன வரிசைப்படி போனோம். முதல் டெஸ்ட் சித்திக்கு. அவங்களைக் கேக்கறதுக்குத்தான் எனக்கு வாய் வரலை. மனைவிதான் பக்கத்துல உட்கார்ந்து, "அத்தை, எங்களுக்காக ஒரே ஒரு தடவை ரத்தம் குடுங்க"ன்னு கேட்டா. சித்தி ஒரு வார்த்தை கேக்கலை. அன்னிக்கே கிளம்பி வந்தாங்க.

சித்தி கேரியர்னு வந்தது. பழைய டிஸ்சார்ஜ் ஷீட்ல இருந்த கேள்விக்குறிக்கு பதில் கிடைச்ச மாதிரிதான். அடுத்து நான்: நார்மல். 61-ல ஒண்ணு. அடுத்து என் மனைவி: கேரியர்.

குழந்தைக்கான ரிஸ்க்கைத் திரும்பப் போட்டோம். எனக்கு 1/61, மனைவிக்கு 1, கடைசியா 1/4. மொத்தம் 244-ல ஒண்ணு. 64-ஐ விட நல்லா இருக்கு, ஆனா மனசு ஆறலை. கவுன்சிலர் இன்னொரு டெஸ்ட் சொன்னாங்க: எங்க அம்மாவுக்கு. எனக்கு அந்தக் காப்பி வரணும்னா அம்மா வழியாத்தானே வரணும்? அம்மா ரிப்போர்ட் நார்மல். அம்மாவோட வாய்ப்பு பாதியில இருந்து 21-ல ஒண்ணா இறங்குச்சு. அதுல பாதி எனக்கு, அதுக்கு மேல என்னோட நார்மல் ரிப்போர்ட். எல்லாம் சேர்த்து என் எண் சுமார் 820-ல ஒண்ணு. குழந்தைக்கு சுமார் 3,300-ல ஒண்ணு.

நாலு டெஸ்ட்டுக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்குள்ளதான் ஆச்சு. எங்க கல்யாணத்துல ட்ரோன் ஷூட்டுக்குக் கொடுத்தது அதை விட அதிகம். அந்த ட்ரோன் வீடியோவை நாங்க மொத்தம் ரெண்டு தடவை பார்த்திருக்கோம்.

ரிப்போர்ட் வந்த அன்னிக்கு சித்திக்கு எல்லாத்தையும் விளக்கினேன். அந்தக் குழந்தைக்கு ஒரு காப்பி உங்ககிட்ட இருந்து, இன்னொண்ணு சித்தப்பாகிட்ட இருந்து வந்தது, 50 பேர்ல ஒருத்தர்கிட்ட இது இருக்கு, நீங்க ரெண்டு பேரும் சந்திச்சது வெறும் தற்செயல்னு சொன்னேன். ரொம்ப நேரம் அமைதியா இருந்தாங்க. அப்புறம், "அப்போ என் ராசி இல்லையாப்பா?"ன்னு கேட்டாங்க.

இருபது வருஷத்துக்குக் கிட்ட அந்தப் பழியைத் தனியா சுமந்திருக்காங்க. ஒரு வர்க்கமூலக் கணக்கு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

1. முதல்ல செலவே இல்லாத வேலை. மூணு தலைமுறைக்குக் குடும்ப மரம் போடுங்க. சின்ன வயசுல இறந்தவங்க, அடிக்கடி ரத்தம் ஏத்தினவங்க, நடக்காத குழந்தைங்க, யாரையும் விடாதீங்க. ஆம்பளைங்ககிட்ட கேக்காதீங்க, பாட்டிங்ககிட்டயும் அத்தைங்ககிட்டயும் கேளுங்க. நான் "இல்லை"ன்னு சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2. தலசீமியா கேரியர் டெஸ்ட் எல்லாருமே எடுக்கலாம். நம்ம நாட்டுல 100 பேர்ல சுமார் 3, 4 பேர் கேரியர். ஹீமோகுளோபின் ஹெச்பிஎல்சி-ன்னு கேளுங்க. பெரும்பாலான லேப்ல ஆயிரம் ரூபாய்க்கு முன்னப் பின்னத்தான்.

3. எஸ்எம்ஏ மாதிரி டெஸ்ட்டை, குடும்பத்துல எதுவும் இல்லைன்னா, முதல்ல ஒருத்தர் மட்டும் எடுங்க. ஒரு டெஸ்ட் 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேரும் எடுத்தா 8,000. ஒருத்தர் எடுத்து, கேரியர்னு வந்தா மட்டும் அடுத்தவர் எடுத்தா, 50 ஜோடியில 49 ஜோடிக்கு 4,000-லயே முடிஞ்சுடும். ஆனா ஏற்கனவே கர்ப்பமா இருந்தா நேரம் முக்கியம், ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்துடுங்க.

4. "300 நோய் பேனல்" ஆஃபரைப் பார்த்து அவசரப்படாதீங்க. ஒவ்வொரு நோய்க்கும் 200-ல ஒருத்தர் கேரியர்னு வெச்சா, 300 நோய்ல ஏதாவது ஒண்ணுக்கு நீங்க கேரியரா இருக்க வாய்ப்பே முக்கால் பங்குக்கு மேல. அதைப் பார்த்து பயந்து அடுத்த டெஸ்ட், அதுக்கடுத்த டெஸ்ட்னு காசு போகும். ரெண்டு பேரும் ஒரே நோய்க்கு கேரியரான்னு மட்டும்தான் கேள்வி. ஆனா சொந்தத்துல கட்டறவங்களுக்கு அரிய நோய்களோட மடங்கு ஏறுதுன்னு பார்த்தோம் இல்லையா? அவங்க கவுன்சிலர்கிட்ட பேசிட்டு இந்தப் பெரிய பேனலை யோசிக்கலாம். அர்த்தமுள்ள செலவுதான்.

5. லேப்ல மூணு கேள்வி கேளுங்க. இந்த டெஸ்ட் 100 கேரியர்ல எத்தனை பேரைப் பிடிக்கும்? நார்மல்னு வந்தா, எனக்கு மீதி ரிஸ்க் எவ்வளவு? ரிப்போர்ட்டை விளக்க கவுன்சிலர் உண்டா? மூணாவதுக்கு "இல்லை"ன்னா வேற லேப் பாருங்க.

6. மெடிக்கல் இன்சூரன்ஸைக் குழந்தைக்கு பிளான் பண்றதுக்கு முன்னாடியே சொந்தமா எடுத்துடுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-ல இருந்து அதிகபட்சம் மூணு வருஷம். அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கட்டும். கம்பெனி பாலிசி வேலையை விட்டா போயிடும். ப்ரொபோசல் ஃபார்ம்ல கேட்டதுக்கு மறைக்காம பதில் சொல்லுங்க.

அந்தத் தம்பிக்கு

தம்பி, இது வேஸ்ட் செலவு இல்லை. ஆனா ஒண்ணு. ரிப்போர்ட்டை வெச்சு அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொல்றதுக்காக டெஸ்ட் எடுக்காதீங்க. ஒருத்தர் மட்டும் கேரியர்னா கிட்டத்தட்ட கவலையே இல்லை. ரெண்டு பேரும் கேரியர்னாலும் கதை முடிஞ்சுடலை. கர்ப்பத்தின் ஆரம்ப மாசங்கள்லயே பார்க்கிற டெஸ்ட், ஐவிஎஃப்ல கருவைப் பரிசோதிச்சு வைக்கிற முறை, தத்தெடுக்கிறதுன்னு வழிகள் இருக்கு. எதை எடுக்கறதுங்கிறது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ண வேண்டியது. தெரிஞ்சு முடிவு பண்ணுங்க, அவ்வளவுதான்.

எங்க பொண்ணுக்கு இப்போ ரெண்டு வயசு. போன மாசம் மொட்டை போட்டோம். யார் மடியில உட்கார வெச்சு மொட்டை போட்டோம்னு கேக்கறீங்களா? மாமா மடியிலதான், முறைப்படி. ஆனா மொட்டை முடிஞ்சதும் அழுதவளை முதல்ல தூக்கினது சித்திதான்.

உங்க குடும்ப மரக் கணக்குல சந்தேகம் இருந்தா வீடியோ கமெண்ட்ல கேளுங்க. பேர், ஊர் எல்லாம் போட வேண்டாம், உறவுமுறை மட்டும் போதும். அடுத்த வாரம் ஒயிட் போர்டுல ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்கலாம்.